சரக்கோடு சரக்காக

ஸ்ரீபெரும்பூதூர் என்றால் நம் பெரியோர்களுக்கு 1017-ஆம் வருஷத்தில் அங்கே அவதரித்த ஸ்ரீ ராமாநுஜரின் நினைவு வரும். நடுவயதினருக்கு, 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி அங்கே கொலையுண்ட துக்கம் நினைவுக்கு வரும். இக்காலத்து வாலிபர்களைக் கேட்டாலோ, "வேலை கிடைக்கிற ஊர்" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் பல வருஷங்களாக உபாத்தியாயத் தொழில் பார்த்து வருகிற நாம் நான்காவதாக ஒரு பதிலும் சொல்லக்கூடும்: அது கடற்கரை இல்லாத ஒரு துறைமுகப் பட்டினம்.

நேயர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ராஜபாட்டையில் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்பூதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிப் பிரியும் சாலையில் ஒரகடம். வழியில் வல்லக்கோட்டை முருகன் கோயில். முன்பு ஏரியும் வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருந்த பூமி இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் கம்பெனியின் லாரி ஆலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்து சேர்ந்தன. கண்ணாடி, டயர், கைப்பேசி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளையும் கணக்கிட்டால் ஒரு பக்கம் போதாது. சில ஏரிகள் இன்னமும் இருக்கின்றன. அவற்றின் கரையில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் கொக்கு நிற்கும். அந்தப் பக்கம் பாரந்தூக்கி நிற்கும்.

இரவு பத்து மணிக்கு மேல் இந்தச் சாலையில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு அடுக்காகக் கார்களை அடுக்கிக் கொண்டு நீண்ட லாரிகள் வரிசையாகப் புறப்படும். அவற்றின் பின்னால் இரும்புப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் வரும். நகரத்தில் பகல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், இவை இருளில் புறப்பட்டு விடியுமுன் கடலைச் சேரப் பார்க்கின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களே அவற்றின் யாத்திரை ஸ்தலங்கள். ஊரில் பிறந்த பொருள் யாவும் சமுத்திரத்தை நோக்கிப் போகின்றன. ஊரில் பிறந்த மனிதர்களோ, மெரினாவில் கால் நனைத்ததோடு சமுத்திர சம்பந்தத்தை முடித்துக் கொள்கிறார்கள்.

பூகோள வகுப்பில் நாம் ஒரு நாள் ஏற்றுமதியைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தகப்பனார் அந்த ஆலைகளில் ஒன்றில் கார்க் கதவு பொருத்துகிறவர்.

"சார், அப்பா செய்கிற காரெல்லாம் கப்பலிலே போகிறதே, கூட ஆள் யாராவது போவார்களா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ சிரிக்கத்தக்கதன்று. சரக்கோடு மனிதனும் போகலாமா, முன்பு போனானா, இன்று போக வழி உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினோம். அந்த விசாரணை கடைசியில் நம்மைக் குடும்பத்தோடு ஒரு கப்பலிலேயே ஏற்றிவிட்டது.

கப்பல் ஏறும் கார்

எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் நிலக்கரி இறக்குவதற்காக ஏற்பட்டது. 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது. ஒரகடத்துக் கார்கள் 2010-ஆம் வருஷம் முதல் அதன் வழியாக அயல் தேசங்களுக்குப் போகத் தொடங்கின. கார் ஏற்றும் கப்பலைப் பார்த்தால் கப்பல் என்றே தோன்றாது. ஜன்னல் இல்லாத பத்து மாடிக் கட்டிடம் ஒன்று தண்ணீரில் மிதப்பது போல் இருக்கும். அதன் பின்புறத்திலுள்ள பெரிய கதவு பாலம் போல் கரையில் சாயும். ஓட்டுநர்கள் ஒவ்வொரு காராக அதற்குள் ஓட்டிச் சென்று, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கையகல இடைவெளி விட்டு நிறுத்தி, தரையோடு பட்டையால் கட்டிவிட்டு, ஒரே வண்டியில் கூட்டமாகக் கரைக்குத் திரும்புவார்கள். பெரிய கப்பல்களில் ஆறாயிரம் கார்களுக்கு மேல் அடங்கும்.

இரும்புப் பெட்டிகளின் கதை வேறு. 1956-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகள் ஏற்றப்பட்டன. லாரிச் சொந்தக்காரரான மால்கம் மக்லீன் என்பவரின் யோசனை அது. மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, லாரியிலிருக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிடலாம் என்பதே அதன் சாரம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டிகளுக்கென்றே தனித்துறை 1983-ல் ஏற்பட்டது. முன்பு ஒரு வாரம் கரையில் கிடந்த கப்பல் இப்போது ஒரு நாளில் புறப்பட்டு விடுகிறது. கரையில் கூலிக்காரர் கூட்டம் குறைந்தது. கப்பலில் மாலுமிகளின் தொகையும் குறைந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சுமக்கும் கப்பலை இன்று இருபது இருபத்தைந்து பேர் நடத்துகிறார்கள்.

ஆகவே, பையனுடைய கேள்விக்கு முதல் பதில் அந்த இருபத்தைந்து பேர்தான். அவர்களில் நம்மவர்கள் இருப்பதும் சகஜம். உலகத்து மாலுமிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கப்பலின் பின்புறத்தில் மட்டும் 'பனாமா' என்றோ 'மன்ரோவியா' என்றோ எழுதியிருக்கும். பதிவு செய்த ஊரின் பெயர் அது. அந்த ஊரைக் கண்ணால் காணாத கப்பல்களே அநேகம்.

சரக்கும் ஜனங்களும் சேர்ந்து போன காலம்

மனிதனையும் மூட்டையையும் பிரித்து அனுப்பும் வழக்கம் மிகச் சமீபத்தில் வந்தது. நம் தேசத்துக் கப்பல் சரித்திரமே இரண்டையும் ஒன்றாக ஏற்றியதில்தான் ஆரம்பமாகிறது.

1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000; மூலதனம் பத்து லட்சம். மறு வருஷமே 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அவை மேல் தட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளையும், அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான சரக்கு மூட்டைகளையும் ஏற்றிச் சென்றன. போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததும், பின்பு இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் நேயர்கள் அறிந்த கதை. குடையை வேண்டாமென்று சுதேசிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிய ஏழை வியாபாரிகளும் கூலிகளும் அந்தக் கதையில் பெயரில்லாமல் நிற்கிறார்கள். 1908-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பிள்ளையவர்கள் கைதானார். கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. மறு வருஷக் கடைசியில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கடலில் சுதேசிக் கப்பல் இல்லை.

அதற்கு ஏழு வருஷத்துக்குப் பின், 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி, ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்தத் தேதியைத்தான் இன்றும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சென்னைவாசிகளுக்கு இதைவிட நெருக்கமான பெயர் 'ரஜூலா'. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிற்று. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றுவதற்கு அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்த இடம் வீடு. தகரப் பெட்டி தலையணை. காலுக்கு அடியில், சரக்கறையில், சொந்த ஊர் மிளகாயும் வெங்காயமும் கூடவே வரும். மலேயாவில் ரப்பர் வெட்டப் போனவர்களும், வட்டிக்கடை வைக்கப் போனவர்களும், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களும் அந்தத் தட்டில்தான் முதல் முதல் ஆழ்கடலைப் பார்த்தார்கள். 1973-ல் 'ரஜூலா' கைமாறிற்று. விரைவில் உடைக்கவும் பட்டது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' என்ற கப்பலில் 1985-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இருந்த பிரயாணிக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. அதற்குள் ஆகாய விமானம் மனிதர்களை எடுத்துக் கொண்டது. இரும்புப் பெட்டி சரக்கை எடுத்துக் கொண்டது.

பன்னிரண்டு பேர் கணக்கு

சரக்குக் கப்பலில் பிரயாணி ஏறுவதற்கு இன்று ஒரு விசித்திரமான எல்லை உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்காக 1974-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை, பன்னிரண்டுக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றும் எந்தக் கப்பலும் பிரயாணிக் கப்பலே என்று விதிக்கிறது. அதற்குமேல் ஒருவர் கூடினாலும், உயிர்காப்புப் படகு முதலிய ஏற்பாடுகள் யாவும் வேறு தரத்தில் அமைய வேண்டும். ஆகையால் சரக்குக் கப்பல்காரர்கள் பன்னிரண்டுக்குள்ளேயே நிறுத்திக் கொள்வார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப் பிரயாணம் செய்வதையே ஒரு பிரியமாகக் கொண்டவர்கள் உண்டு. பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவசரம் என்பதையே மறந்தவர்கள். அவர்களுக்கு நல்ல அறை கிடைக்கும். காப்டனோடும் அதிகாரிகளோடும் ஒரே மேஜையில் போஜனம். பாட்டுக் கச்சேரி, நாடகம், நீச்சல் பந்தயம் என்று ஒன்றும் இராது. வைத்தியர் இல்லாதபடியால் தேக சுகத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். புறப்படும் நாளும் சேரும் நாளும் சரக்கின் சௌகரியத்தைப் பொறுத்தவை. அங்கே சரக்குதான் மாப்பிள்ளை. பிரயாணி, கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு.

2020-ல் கொரோனா நோய் பரவியபோது இந்தச் சின்ன வாசலும் சாத்தப்பட்டது. அந்த வருஷத்தில் கரை இறங்க முடியாமல் கப்பல்களிலேயே தங்கிப்போன மாலுமிகள் மட்டும் சுமார் நான்கு லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். பிரயாணிகளை ஏற்றிவந்த கம்பெனிகளில் சிலவே பிற்பாடு மறுபடி கதவைத் திறந்தன. கட்டணமோ, அந்த நோய்க்கு முன்பே நாளொன்றுக்குச் சுமார் நூறு யூரோ. உபாத்தியாயர் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் நம் வாசலிலேயே வேறொரு வழி இருந்தது.

சுயராஜ்யத் தீவில் மூன்று நாள்

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் கப்பல்கள் இன்னமும் பழைய தர்மத்தையே அனுசரிக்கின்றன. ஜனங்கள் மேலே; சரக்கு கீழே. சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நாமும், நம் இல்லாளும், பத்து வயது மகளும் 'சுவராஜ் தீப்' என்ற கப்பலில் இடம் வாங்கினோம்.

அந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1943-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேருக்கு வந்து கொடி ஏற்றியதும், தீவுகளுக்குத் தியாகத் தீவு, சுயராஜ்யத் தீவு என்று பொருள்படும்படி 'ஷஹீத்', 'சுவராஜ்' என்ற பெயர்கள் வழங்கினதும் அதன் பின்னால் இருக்கின்றன. கப்பலைக் கட்டியது விசாகப்பட்டினத்து ஹிந்துஸ்தான் கப்பல் தளம். அந்தத் தளத்துக்கு 1941-ல் அடிக்கல் நாட்டியவர் பாபு ராஜேந்திர பிரசாத். அங்கே கட்டிய முதல் பெரிய கப்பலாகிய 'ஜல உஷா'வை 1948-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் நீரில் இறக்கியவர் பண்டித நேரு. பெயரும் உடம்பும் சுதேசியாக அமைந்த கப்பலில் காலை வைக்கும்போது, படி ஏறுகிற மூச்சு வாங்கலோடு வேறு ஏதோ ஒன்றும் மார்பில் ஏறத்தான் செய்தது.

கப்பல் சுமார் 1,200 பேரைக் கொள்ளும். அறைகளும் உண்டு. நாம் எடுத்தது 'பங்க்' வகுப்பு. கீழ்த்தளத்தில் பெரிய கூடம். இரண்டடுக்காக நூற்றுக்கணக்கான படுக்கைகள். தமிழ், தெலுங்கு, வங்காளி, ஹிந்தி எல்லாம் ஒரே காற்றில் கலந்திருந்தன. எண்ணெய் வாசனையும், வாந்தி வாசனையும், யாரோ பிரித்த மாங்காய் ஊறுகாய் வாசனையும் கலந்திருந்ததையும் சொல்லாவிட்டால் வர்ணனை பூர்த்தியாகாது. சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். சௌகரியம் தேடுகிறவர்கள் ஆகாய விமானத்தில் போவதே உத்தமம். அது இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இந்த 1,190 கிலோமீட்டரைக் கடக்கக் கப்பலுக்கு மூன்று இரவுகள் வேண்டியிருந்தன.

புறப்படுமுன் நாம் மேல் தட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு சரக்கு ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பாரந்தூக்கி வெங்காய மூட்டைகளை வலையில் அள்ளி அள்ளி இறக்கிற்று. உருளைக்கிழங்கு, மருந்துப் பெட்டி, வர்ண டப்பா, கல்யாணப் பந்தல் சாமான் எல்லாம் போயின. அவற்றினிடையே மரச்சட்டமிட்ட ஒரு பெட்டி ஊசலாடிக் கொண்டு மேலே எழுந்தது. சட்டத்தின் இடுக்கில் புத்தம் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெட்ரோல் தொட்டி பளபளத்தது.

"அப்பா, இது நம் ஊர் வண்டி!" என்று மகள் கூவினாள்.

பல வருஷங்களாக இருளில் லாரி ஏறிப் போவதை மட்டும் பார்த்த ஒரகடத்துச் சரக்கு, இப்போது நமக்கு இருபதடிக்குக் கீழே நம்மோடேயே பிரயாணப்பட்டது. ஊர்க்காரர் ஒருவரை ரயிலில் சந்தித்தாற்போல் இருந்தது.

மறுநாள் காலையில் கரை இல்லை. கலங்கின பச்சையாக இருந்த கடல், மசியைக் கரைத்தாற்போல் கருநீலமாகியிருந்தது. கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி நீர்ப்பரப்பின்மேல் பறந்து மறுபடி விழுந்தன. இரவில் கப்பல் கிழித்த நீர் மின்மினி போல் ஒளிர்ந்தது. கைப்பேசிகளெல்லாம் உயிரற்றுக் கிடந்தன. நான்கு வருஷத்துப் பேச்சைக் குடும்பத்தோடு நாம் மூன்று நாளில் பேசித் தீர்த்தோம்.

எதிர்ப் படுக்கையில் ஒரு மூதாட்டி. வயது அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் வருஷத்துச் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். பெண் பிள்ளையாயிருந்தபோது தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு ஒரு கப்பல். பிறகு நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்காக மறுபடி ஒரு கப்பல். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தத் தீவைப் பாழாக்கிற்று. மிஞ்சின உறவினரோடு போர்ட் பிளேருக்கு வந்ததும் கப்பலில்தான்.

"கடல் கொண்டுபோயிற்று, கப்பல் கொண்டுவந்து சேர்த்தது. நான் எதைத் திட்டுவேன், தம்பி?" என்றார் அவர்.

இந்தத் தடவை எங்கே வந்து திரும்புகிறார் என்று விசாரித்தோம். "ஸ்ரீபெரும்பூதூருக்குத்தான். பேத்தி அங்கே செல்போன் செய்கிற கம்பெனியிலே வேலையாயிருக்கிறாள். ஹாஸ்டல், ஒரு அறையிலே எட்டுப் பெண்கள். ராத்திரி வேலை பார்த்துப் பார்த்து இளைத்துப் போய்விட்டாள். பார்த்துவிட்டு வருகிறேன். கடலிலே போக எனக்குப் பயமில்லை, தம்பி. அந்த ரோட்டைத் தாண்டத்தான் பயம்!"

நாம் வாயடைத்துப் போனோம். ஒரகடத்து மோட்டார் சைக்கிள் கீழே தீவுக்குப் போகிறது. தீவுப் பெண் முன்பொரு நாள் இதே போன்ற கப்பலில், இதே போன்ற படுக்கையில் படுத்து, ஸ்ரீபெரும்பூதூருக்குப் பிழைக்க வந்திருக்கிறாள். நம் சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிற பெண்களில் கடல் கடந்து வந்தவளும் இருப்பாள் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

"விமானத்தில் வரக்கூடாதா, அம்மா?" என்று நம் இல்லாள் கேட்டாள்.

மூதாட்டி தம் மூட்டைகளைக் காட்டினார். பத்துக் கிலோ புளி, ஒரு இட்லிப் பானை, இரண்டு தலையணை, ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கன்று. "இதையெல்லாம் எந்த விமானத்திலே ஏற்றுவான்?" என்றார். தீவுவாசிகளுக்குக் கப்பல் கட்டணம் மிகக் குறைவு. அந்தச் சலுகை இல்லாவிட்டால் பேத்தியின் முகத்தைக் கைப்பேசியில் பார்ப்பதோடு சரி.

மூன்றாம் இரவு கழிந்து விடியும்போது பச்சை மலைகள் தெரிந்தன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் கப்பல் கட்டுண்டது. ஒரு காலத்தில் 'மகாராஜா' என்ற கப்பல் தேசபக்தர்களை விலங்கோடு கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. 1911-ல் சாவர்க்கரும் அப்படித்தான் வந்தார். அவர்களையும் அந்த அரசாங்கம் ஒருவகைச் சரக்காகத்தான் கணக்கெழுதியது. இன்று அதே ஊரில் மூதாட்டி கறிவேப்பிலைக் கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மரச்சட்டப் பெட்டியும் இறங்கிற்று. அதற்காகக் காத்திருந்த வாலிபன் ஒருவன் சட்டத்துக்குள் கையை விட்டு, குழந்தையைத் தடவுவதுபோல் தொட்டியைத் தடவிக் கொடுத்தான்.

கடலை மறக்கலாமா?

இந்தப் பிரயாணத்துக்குப் பிறகு, இரவில் போகும் லாரிகளை நாம் வேறு கண்ணால் பார்க்கிறோம். நம் தேசத்து ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் இந்தியக் கொடி பறக்கும் கப்பல்கள் சுமப்பது நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான் என்று அரசாங்கத்தாரே சொல்லி வருகிறார்கள். 1980-களின் பிற்பகுதியில் அது 40 பங்கு வரையில் இருந்ததாம். கார் நம் கை செய்கிறது. கப்பலில் வேலை செய்வதும் பல சமயம் நம் கையே. கூலி மட்டும் வேறொரு கொடிக்குப் போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ. உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டினோம். எண்ணூருக்குக் காமராஜர் பெயரைச் சூட்டினோம். நல்ல காரியமே. அந்தத் துறைகளில் வந்து நிற்கும் கப்பல்களின் பின்புறத்தில் நம் ஊர்ப் பெயர் எழுதப்படும் நாளுக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

அதற்கு மூலதனமும் சட்டமும் வேண்டும். அவற்றைப் பற்றி அறிந்தவர்கள் பேசட்டும். உபாத்தியாயருக்குத் தெரிந்தது ஒன்றே: கடலைப் பார்க்காத பிள்ளைகள் கப்பலைக் கேட்கமாட்டார்கள். 1906-ல் 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய தூத்துக்குடி வியாபாரி, தன் மூட்டையோடு தானும் கப்பலேறிப் பழகியவன். கொழும்புக்குப் போகும் வழியில் யாருடைய தட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உறுத்தல் அவனுக்கு இருந்தது. பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போகிறவர்களுக்கு அந்த உறுத்தல் எங்கிருந்து வரும்?

அந்தமான் வழியில் நெடுநாள் ஓடிய 'அக்பர்', 'ஹர்ஷவர்தனா' ஆகிய கப்பல்கள் ஓய்வு பெற்றுவிட்டன. மிஞ்சினவற்றுக்கும் வயதாகிறது. அவற்றுக்குப் பதிலாகப் புதுக் கப்பல்கள் வருவது, புளி மூட்டையோடு பேத்தியைப் பார்க்கப் புறப்படுகிறவர்களின் காரியம். 'நஷ்டம்' என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதித் தீர்த்துவிடக் கூடாத காரியம் அது. நம் கரையில் மனிதனும் சரக்கும் ஒன்றாகப் போகும் வழி இது ஒன்றே மீதி இருக்கிறது.

நேயர்கள் அடுத்த கோடையில் ஒரு முறையாவது இந்தக் கப்பலேறிப் பார்க்க வேண்டும். மே மாத நடுவுக்குள் போய்விடுவது நலம். அதற்குப் பிறகு பருவக்காற்று தொடங்கிவிடும். புறப்படும் தேதி சற்று முன்பாகத்தான் தெரியவரும், பொறுமை வேண்டும். எலுமிச்சம்பழமும் இஞ்சியும் எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். சரக்கு ஏறுகிற வேளையில் படுக்கையைத் தேடிப் போய்விடாமல், மேல் தட்டில் கைப்பிடியோரம் அவர்களை நிறுத்தி வையுங்கள். உங்கள் ஊரில் செய்த ஏதாவது ஒரு பொருள் வலையில் ஊசலாடிக் கொண்டு வரும். அதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.